கடல்கோளும் பாட்டி சொன்ன கதையும்

இயற்கைச் சீற்றம் பற்றி எழுதப்படும் இலக்கியத்தை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? இவ்வினாவை நாம் எழுப்பக் காரணம் உண்டு. புயல் அடித்தால், வெள்ளம் பெருகினால், நிலம் நடுங்கினால் நம் மொழியில் பாட்டுகளும் கட்டுரைகளும் வந்து குவிகின்றன. சில திங்கள் கழிந்ததும் அவை மறைந்து விடுகின்றன. அடுத்த முறை இடர் வரும்போது முன்னர் எழுதியவற்றுள் ஒன்றேனும் எவர் நினைவிலும் நிற்பதில்லை. எழுதியவர்களின் உள்ளத்தில் ஈரம் இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஈரம் இருந்தது. அந்த ஈரத்தில் எது முளைத்தது என்று கேட்கும் உரிமை மட்டும் வாசகருக்கு உண்டு.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நம் கரையில் நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. அவற்றுள் 6,000-க்கும் மேற்பட்டவை நாகப்பட்டினம் மாவட்டத்தின் இழப்பு. இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முஸ்லிம் ஊர்கள் நெருங்கி நிற்கும் அம்பாறைக் கரையே அங்கு மிகுதியாக இழந்தது. அன்று மாலைக்குள் 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல் தமிழர் ஒவ்வொருவர் நாவிலும் ஏறிவிட்டது. பின்னர் அறிஞர்கள் 'ஆழிப்பேரலை' என்றனர். இவை இரண்டுக்கும் பன்னெடுங்காலம் முன்னரே நம்மிடம் 'கடல்கோள்' என்ற சொல் இருந்தது. சொல் இருந்தும் அது ஏன் அன்று ஓர் உயிரையும் காக்கவில்லை? இக்கட்டுரையின் பொருள் இதுவே.

நம் ஏடுகளில் கடல்கோள்

கடல்கோளைப் பேசும் பழைய சான்றுகள் நமக்குக் குறைவில்லை. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், அழிந்துபட்ட நாடுகள் 49 என்று கணக்கே கொடுக்கிறார். இறையனார் களவியல் உரை, தலைச்சங்கம் இருந்த மதுரையும் இடைச்சங்கம் இருந்த கபாடபுரமும் கடலுக்குள் சென்றன என்கிறது. மணிமேகலையிலோ, மகனைக் கடலில் இழந்த துயரத்தால் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்துவிட, அதனால் விளைந்த சாபத்தால் புகார் நகரம் நீரில் மூழ்குகிறது.

இவற்றின் இலக்கியப் பெருமையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். உரையாசிரியருக்குக் கடல்கோள் என்பது தமிழின் தொன்மைக்கு ஒரு சான்று. காவியப் புலவர் ஒருவருக்கு அது பாண்டியன் பெருமையைப் பாட ஒரு வாயில். மற்றவருக்கு விழாவை மறந்ததன் விளைவு. கடல் வருமுன் என்ன செய்தது, நிலம் நடுங்கியதா, நீர் உள்வாங்கியதா, மக்கள் எத்திசையில் ஓடினர், பிழைத்தவர் எதனால் பிழைத்தனர் என்ற செய்திகளை இவற்றுள் ஒன்றிலும் நாம் காணவில்லை. அழிந்த நாடுகளின் தொகை இருக்கிறது. அழிவின் அடையாளம் இல்லை.

பிற்காலத்தவராகிய நாம் இந்தக் குறையைப் பெருக்கிக்கொண்டோம். மேடைதோறும் குமரிக்கண்டத்தைப் பேசினோம். 'கடல் கொண்ட தமிழ்நாடு' என்று பெருமிதம் கொண்டோம். கொண்ட கடல் அதே இடத்தில்தான் இருக்கிறது, அது மீண்டும் வரக்கூடும் என்று எந்த மேடையிலும் எவரும் சொன்னதாக நமக்கு நினைவில்லை. நம் கையில் கடல்கோள் பழம்பெருமையின் சொல்லாகச் சுருங்கியது. எச்சரிக்கையின் சொல்லாக வளரவில்லை.

ஒரு தீவின் சொல்

இனி வேறொரு கரைக்குச் செல்வோம். சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் சிமெலுவே என்றொரு தீவு உண்டு. மக்கள் முஸ்லிம்கள், மீன்பிடிப்பும் கிராம்பும் தென்னையும் அவர்களின் வாழ்வு. அவர்களிடம் காவியமும் இல்லை, அதற்கு உரையும் இல்லை. 'ஸ்மோங்' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.

1907-ஆம் ஆண்டு ஜனவரியில் அத்தீவை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. தொடர்ந்து கடல் உள்வாங்கியது. வெறுமையான கடலடியில் துள்ளிய மீன்களை அள்ள மக்கள் இறங்கினர். திரும்பி வந்த அலை அவர்களைக் கொண்டு சென்றது. எஞ்சியவர்கள் அந்த அலைக்கு இட்ட பெயரே ஸ்மோங். அந்த நாளின் கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அப்பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். மக்ரிபுத் தொழுகைக்குப் பின் பெரியவர்கள் சிறுவர்களை அருகில் இருத்திச் சொன்னார்கள். கிராம்பு பறிக்கும் இடத்தில் சொன்னார்கள். தொட்டிலை ஆட்டும்போது பாட்டாகவும் பாடினார்கள். பாட்டைக் காட்டிலும் கதையே முதன்மையான கலமாக இருந்தது என்று அத்தீவை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கதையின் சாரம் மூன்றே படிகள். நிலம் பலமாக நடுங்கும். பிறகு கடல் வற்றும். அப்போது மீனை நோக்காதே, பொருளை எடுக்காதே, மேட்டுக்கு ஓடு.

97 ஆண்டுகள் இப்படியே சென்றன. 2004-இல் நிலநடுக்கம் தோன்றிய மையம் அத்தீவுக்கு மிக அண்மையில் அமைந்தது. வடக்கு முனையில் உள்ள லாங்கி என்ற சிற்றூரை அலை எட்டியது ஏறத்தாழ எட்டு நிமிடங்களில். அலையின் உயரம் 10 மீட்டருக்கு மேல். வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்து போயின. அவ்வூரின் 800 மக்களுள் ஒருவரும் சாகவில்லை. 'ஸ்மோங், ஸ்மோங்' என்ற கூக்குரல் கேட்டவுடனே யாவரும் குன்றின் மேல் ஏறியிருந்தனர். தீவு முழுவதும் இருந்த ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். அதே அலை ஆச்சேயின் பெருநிலத்தில் 1,50,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு போயிற்று. அங்கும் முஸ்லிம்களே வாழ்ந்தனர், அங்கும் கடலை அறிந்த மீனவர்கள் இருந்தனர். அந்தக் கதை மட்டும் இருக்கவில்லை.

நாகப்பட்டினத்துக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்பதை இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். எட்டு நிமிடம் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். இரண்டு மணி நேரம் கிடைத்த நாம் இழந்தோம்.

கதையின் கலைத்திறம்

ஸ்மோங் கதையை வெறும் அறிவிப்பு என்று தள்ளிவிடுவோர் இருக்கலாம். இலக்கியத்தின் கண்கொண்டு பார்த்தால் அது தேர்ந்த படைப்பு என்றே நாம் கருதுகிறோம்.

முதலாவது, அதில் மிகையில்லை. 1907-இல் மாண்டவர்களின் பட்டியல் கதையின் மையத்தில் இல்லை. கடலைத் தாய் என்றோ பேய் என்றோ அது அழைக்கவில்லை. சிறுவனின் நினைவில் தங்க வேண்டியது எதுவோ அது மட்டும் தங்கியிருக்கிறது. மூன்று தலைமுறை நாக்குகள் தேய்த்துத் தேய்த்து மிச்சம் வைத்த கூழாங்கல் அது.

இரண்டாவது, துள்ளும் மீன் என்ற ஒரு காட்சி. மனித ஆசையின் இயல்பை அறிந்தவர் அன்றி வேறெவரும் அதைக் கதையின் நடுவில் வைத்திருக்க முடியாது. கடல் வற்றினால் ஏழைக்கு முதலில் தோன்றுவது அச்சமன்று, கைக்கெட்டிய மீன்தான். அந்தக் கணத்தில் கால் எத்திசையில் திரும்ப வேண்டும் என்பதைக் கதை முன்கூட்டியே பழக்கிவிடுகிறது.

மூன்றாவது, சொல்லப்பட்ட நேரமும் சொன்னவரின் குரலும். மாலை விளக்கு, தொழுகை முடிந்த அமைதி, பாட்டியின் மடி. அங்கு கேட்டது எலும்பில் இறங்கிவிடும். சுவரில் ஒட்டிய அறிவிப்பு மழையில் கரையும். 97 ஆண்டுகள் கரையாத காகிதம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

இந்த இடத்தில் திருமறை கூறும் நூஹ் நபி (அலை) அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. வெள்ளம் வருமுன் அடுப்பு பொங்கும் என்ற ஓர் அடையாளம் அவர்களுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அடையாளம் தோன்றியபோது கப்பல் முன்னரே கட்டப்பட்டு ஆயத்தமாக நின்றது. அந்த வரலாற்றைப் பேசும் நாம் அழிந்தவர்களின் கதியைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறோம். அடையாளத்தையும் ஆயத்தத்தையும் அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

இரண்டு மறுப்புகள்

நம் கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, இலக்கியத்தைப் பயன் என்ற தராசில் நிறுத்தலாமா என்பது. ஒப்பாரிக்குப் பயன் என்ன? மகனை இழந்த தாய் பாடும் பாட்டு எந்த அலையையும் தடுப்பதில்லை. அதனால் அது குறைந்ததாகுமா?

ஆகாது. இரங்கற்பாவின் உரிமையை நாம் மறுக்கவில்லை. இறந்தவரை நினைந்து அழுவதும் ஒரு கடன்தான். நாம் குறை காண்பது இரண்டும் அல்லாத எழுத்தை. 2004-க்குப் பின் வந்த கவிதைகளில் மிகப் பல, கடலை முன்னிறுத்தி அதனிடம் நீதி கேட்டன. தாலாட்டிய நீ ஏன் கொன்றாய் என்று வினவின. அவ்வினாவில் மாண்ட மனிதரின் முகம் இல்லை; பிழைத்தவர் கற்ற பாடமும் இல்லை. கடலும் கவிஞரும் மட்டுமே இருந்தனர்.

வேறு சிலர் இதனினும் தவறிய ஒன்றைச் செய்தனர். அழிந்த ஊர்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று எழுதினார்கள், பேசவும் செய்தார்கள். நீரில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் வைத்துப் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நம் வீடுகளில் அறியாதது அன்று. அதை அறிந்தவர் பேனாவிலிருந்து அப்படி ஒரு சொல் எப்படி வந்தது? கரையில் குடிசை கட்டி வாழ்ந்தவர் முதலில் மாண்டார்; மேட்டில் மாளிகை கட்டியவர் பிழைத்தார். இதில் பாவ புண்ணியக் கணக்குப் பார்ப்பவர் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை இறைவனின் தீர்ப்பாக மயங்குகிறார். மணிமேகலை காலத்து விழா மறந்த கதைக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிது.

இரண்டாவது மறுப்பு, இன்று கருவிகள் இருக்கும்போது கதை எதற்கு என்பது. உண்மை, 2007-ஆம் ஆண்டு முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11-ஆம் நாள் சுமத்ராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நடுக்கம் ஏற்பட்டபோது நம் கரை மக்களுக்கு எச்சரிக்கை வந்தது. நல்லவேளையாகப் பேரலை வரவில்லை. இந்தப் பணியை நாம் போற்றுகிறோம். ஆயினும் 2018 செப்டம்பர் 28-இல் இந்தோனேசியாவின் பாலு நகரில் சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. எச்சரிக்கை எல்லார் காதுக்கும் எட்டப் பொழுதில்லை. சங்கொலி கேட்டாலும் எத்திசையில் ஓடுவது என்பதைக் கால் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவைச் சங்கு தராது.

நிலமும் ஓர் ஏடு

பேரிடர் மனிதரோடு நின்றுவிடுவதில்லை. நிலத்தின் முகத்தையும் மாற்றுகிறது. சிமெலுவேயின் வடமேற்குப் பகுதி 2004-இல் கடலிலிருந்து உயர்ந்தது. 2005 மார்ச் 28-இல் வந்த அடுத்த நடுக்கத்தில் தென்பகுதி உயர்ந்தது. பல இடங்களில் உயர்வு ஒரு மீட்டருக்கும் மேல். நீருக்கடியில் வாழ்ந்த பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்து வெண்ணெலும்பாக நின்றன. நிக்கோபாரின் தென்கோடியிலோ நிலம் தாழ்ந்தது. இந்திரா முனையின் கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் சென்றது. நாகப்பட்டினத்து வயல்களில் உப்பு படிந்தது. மழை நீர் அதைக் கழுவிக் கொண்டு போகும்வரை உழவர் காத்திருக்க நேர்ந்தது.

நிலத்தோடு உறவும் மாறுகிறது. இலங்கையில் அலைக்குப் பின் கரையோரத்தில் வீடு கட்டக் கூடாத எல்லை வகுத்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். பின்னர் அதைத் தளர்த்தினார்கள். காகிதத்தில் அது ஒரு கோடு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களிலோ ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நடுவில் வீட்டோடு வீடு ஒட்டிய குறுகிய நிலம். அங்கு 200 மீட்டர் என்பது தெருக்கள், பள்ளிவாசல்கள், பெண்மக்களுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவுகள். அலை கொண்டு போனது போக, கோடு கொண்டு போனதும் உண்டு. இந்த இரண்டாவது இழப்பைப் பாடிய கவிதைகள் எத்தனை? கட்டுரையாளர்கள் எழுதினார்கள், நம் படைப்பாளிகள் பெரும்பாலும் முதல் நாளோடு நின்றுவிட்டார்கள்.

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் தன்னுள் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலைக்குள் போயிற்று. பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர் செய்தார்கள். ஊரைச் சீர் செய்யவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறை, சுங்கச் சாவடி, தேவாலயம், அஞ்சல் நிலையம் யாவும் மணலில் இடிந்து நின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை வந்தது. இன்று மக்கள் திரளாகச் சென்று இடிந்த சுவரருகில் நின்று படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அந்தச் சுவர் ஓர் ஏடு; அதை வாசிக்கச் சொல்லித் தரும் கதைதான் இல்லை. ஆகவே இடிபாடு நமக்குக் காட்சியாகவே எஞ்சுகிறது.

கடன் வாங்கக் கூடாத கதை

அப்படியானால் ஸ்மோங் கதையை மொழிபெயர்த்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். அங்கே ஓர் இடர் இருக்கிறது.

சிமெலுவேயில் நிலம் பலமாக நடுங்கியது. பிறகு கடல் வற்றியது. நம் கரையில் 2004-இல் நடுக்கம் மெல்லியது, உணராதவர் பலர். மேலும், கிழக்கே சென்ற அலை பள்ளத்தை முன்னிட்டுச் சென்றது. ஆதலால் அங்கு நீர் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம்மை நோக்கி வந்த அலை முகட்டை முன்னிட்டு வந்தது. கடல் வற்றட்டும், பிறகு ஓடலாம் என்று காத்திருந்தால் நாம் கெட்டோம். நம் பக்கத்தில் பல இடங்களில் முதல் அலைக்குப் பின்னரே நீர் உள்வாங்கியது. அதைப் பார்க்க இறங்கியவர்களைப் பின்னர் வந்த பெரிய அலை அடித்தது. இலங்கையின் பெரலிய என்ற இடத்தில் முதல் அலைக்கு அஞ்சி, நின்றுபோன ரயிலில் அடைக்கலம் புகுந்தவர் பலர். அடுத்து வந்த அலை அந்த ரயிலையே புரட்டியது. அங்கு மாண்டவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

ஆகவே நம் கதை வேறாக இருக்க வேண்டும். முதல் அலையோடு முடிந்தது என்று எண்ணாதே, திரும்பிப் போகாதே. இது அதன் முதற்பாடம். புயலுக்கும் இதையொத்த ஒரு பாடம் உண்டு. புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென ஓய்ந்துவிடும். வானம் தெளிவது போலவும் தோன்றும். முடிந்தது என்று வெளியே வந்தவரை எதிர்த்திசைக் காற்று வந்து தாக்கும். ஓய்வை நம்பாதே. இதுவும் நம் கரைக்குரிய வரி. ஒவ்வொரு கரையும் தன் கடலைத் தானே வாசித்துத் தன் கதையைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். இரவல் கதை ஆளைக் கொல்லவும் கூடும்.

நம்மிடம் இருக்கும் கலம்

இத்தகைய இலக்கியம் நம்மால் இயலாதது அன்று. தமிழ் முஸ்லிம் புலவர்கள் இதற்கான கலங்களை வனைந்து வைத்துவிட்டே சென்றிருக்கிறார்கள். நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் எது? 1572-இல் அரங்கேறிய, வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா'. வினாவும் விடையுமாக அறிவைக் கைமாற்றும் நூல் அது. அதன் பின்னர் கிஸ்ஸாக்கள், நாமாக்கள், தாலாட்டுகள், கும்மிகள், சிந்துகள் என எத்தனை வடிவங்கள்! எழுத்தறியாத பெண்மக்களும் கேட்டு மனனம் செய்து, வீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகக் காத்த வடிவங்கள் அவை. மார்க்க அறிவைக் காத்த அதே கலம் உயிரையும் காக்காதா?

நம் கரையூர்களில் 2004-ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று பத்து வயதுச் சிறுவர்களாக ஓடியவர்கள் இன்று பெற்றோர்கள். 1964-ஐக் கண்டவர்கள் அருகிக்கொண்டே போகிறார்கள். கவிஞர்கள் கடலிடம் கேள்வி கேட்பதைச் சற்று நிறுத்தி, இவர்களிடம் கேட்கட்டும். எந்தச் சத்தம் முதலில் கேட்டது? நாய் எப்பக்கம் ஓடியது? எந்தத் தெரு வழியாக ஏறியவர்கள் பிழைத்தார்கள்? எந்த மேட்டில் நீர் ஏறவில்லை? விடைகளைத் திரட்டி ஓர் ஊருக்கு ஒரு மசலா, ஒரு கும்மி, ஒரு தாலாட்டு கட்டினால் போதும். அதில் அணியும் உவமையும் குறைவாக இருக்கலாம். அந்தக் குறையை நாம் பொறுத்துக்கொள்வோம்.

கலங்கள் இருந்தாலும் ஊற்றித் தரும் கைகள் வேண்டும். மக்ரிபுக்குப் பின் பேரப்பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக் கதை சொன்ன உம்மும்மாக்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். ஜின்னின் கதை சொன்னார்கள். கப்பல் உடைந்த கதை சொன்னார்கள். இன்று அந்த நேரத்தை வேறு ஒளிகள் பிடித்துக்கொண்டன. சிமெலுவேயில் அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒரு தீவின் உயிர் காக்கப்பட்டது. கடல் தன் கதையை மறக்கவில்லை. நாமும் மறவாதிருக்க, இன்று இரவே எந்த வீட்டிலேனும் ஒரு பாட்டி தொடங்கட்டும்.